ஒட்டுப்போடுதல் அறமா?

பிறர் ஆக்கிய கருவியில் பிழை கண்டால், திருத்தம் வரும்வரை காத்திருப்பதா, ஒட்டுப்போட்டுக் கொள்வதா?

பைத்தான் கணினிமொழியின் ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ நூலகம், சொல்லைத் தேடுங்கால் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தின் உறுப்பாக ஏற்பதில்லை. ‘தமிழ்’ என்னும் சொல் அதன் கையில் ‘தம’, ‘ழ’ எனச் சிதைகின்றது. 2011ஆம் ஆண்டிலேயே இக்குறை முறையிடப்பட்டது. அதுகாறும் மாணவன் பெயர் துண்டுபட்டுக் கிடக்கலாமா? ஆகாது, ஒட்டுப்போடுதல் கடமையே.

யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களையும் எழுத்தெனக் கொள்ளச் செய்வது எளிய மாற்றுவழி. ஆயின் அவற்றுள் ரூபாய்க்குறியும் நாட்குறியும் அடங்கும், அவையும் சொல்லாகிவிடும். எனவே அவற்றை விலக்கி வழியைச் செம்மை செய்தல் அடுத்த கடமை. ஒட்டு ஏன் இடப்பட்டது என எழுதிவைத்து, நூலகம் ஆக்கியோர்க்கும் உணர்த்துதல் மூன்றாவது.

தைத்த இடம் தெரியுமாறு தைப்பதே நேர்மை. மாணவர்க்கு நாம் கற்பிக்க வேண்டியதும் அதுவே.