பிரிட்ஜ் ஏலமும் வாய்மையும்

நால்வர் இருவர் இருவராக அணி சேர்ந்து, ஆளுக்குப் பதின்மூன்று சீட்டுகளுடன் எதிரெதிரே அமரும் பிரிட்ஜ் ஆட்டத்தில், சீட்டு இறங்குமுன் ஏலம் நடக்கிறது. எத்தனை பிடிகள் எடுக்கப்படும், எந்த இனம் துருப்பாகும் என்பதை அது முடிவுசெய்கிறது. ஓர் ஆட்டக்காரர் கையில் வரக்கூடிய சீட்டுச் சேர்க்கைகள் 63,500 கோடிக்கும் மேற்பட்டவையாக இருக்க, ஏலத்தில் கேட்கத்தக்க கேள்விகள், அதாவது ஏலக்கூற்றுகள், 35 மட்டுமே என்பதால், ஒவ்வொரு கேள்விக்கும் அதன் நேர்ப்பொருளைக் கடந்த ஒரு பொருளை இணையர் முன்கூட்டியே வகுத்துக்கொள்கின்றனர். இத்தகைய உடன்பாடே கன்வென்ஷன் எனப்படுகிறது. ஏஸுக்கு நான்கு, ராஜாவுக்கு மூன்று, ராணிக்கு இரண்டு, ஜாக்குக்கு ஒன்று என எண்ணிப் பதினைந்து முதல் பதினேழு புள்ளி வரை சமநிலையான கையில் வைத்திருப்பவர் ‘ஒரு நோட்ரம்ப்’ (துருப்பின்றி ஆடும் கேள்வி) என்று தொடங்கினால், அவருடைய இணையர் சொல்லும் ‘இரண்டு கிளாவர்’ கிளாவரைப் பற்றியதே அன்று. ஸ்பேடிலோ ஹார்ட்டிலோ நான்கு சீட்டு உண்டா என்னும் வினா அது, ஸ்டேமன் என்னும் பெயரால் வழங்குவது. பிளாக்வுட் முறையில் ‘நான்கு நோட்ரம்ப்’ என்பது ஏஸ்கள் எத்தனை என்று கேட்பது.

கையில் ஒரே ஒரு கிளாவரை வைத்துக்கொண்டு ‘இரண்டு கிளாவர்’ என்பவர் பொய் சொன்னவராவாரா என்பது மேலோட்டமாகப் பார்த்தால் எளிய வினா. சொல் எப்படிப் பொருள் பெறுகிறது என்பதோ பழைய வினா; பெயர்களைக் காரணம் பற்றியவை, இடுகுறியாய் வந்தவை என நன்னூல் பிரித்தது. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு உடன்பாட்டால் அமைந்தது என்று நியாய மரபினரும், அது இயல்பானது, என்றுமுள்ளது என்று மீமாம்சகரும் வாதிட்டனர். பிரிட்ஜ் மேசையில் நியாயத்தாரின் கட்சியே வெல்கிறது: பொருள் உடன்பாட்டால் வந்ததென்றால், உடன்பாட்டின்படி பேசியவர் பொய்யர் ஆகார்.

ஆனால் அந்த உடன்பாடு யாருடையது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஆட்ட விதிகள் இங்கே கூர்மையானவை. இணையர் இருவரின் உடன்பாடுகள் அனைத்தும் எதிரணிக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவற்றை எழுதிய அட்டையை மேசையில் வைப்பதும், வழக்கத்துக்கு மாறான கேள்வி வரும்போது எச்சரிப்பதும் அதற்காகவே. உடன்பாட்டை மறந்து ஒருவர் தவறாகக் கேட்டுவிட்டாலும், எதிரணி அறிய உரிமையுள்ளது உடன்பாட்டை மட்டுமே, அவர் கையில் உண்மையில் இருப்பதை அன்று. மறுபுறம், இல்லாத பலத்தை இருப்பதாகக் காட்டும் வேண்டுமென்றே செய்த பொய்க்கேள்வி அனுமதிக்கப்பட்டதே. எதிராளியைப் போலவே சொந்த இணையரும் அதனால் ஏமாறக்கூடியவராய் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. சீட்டைப் பற்றிப் பொய் சொல்லலாம், உடன்பாட்டைப் பற்றிச் சொல்லலாகாது என்னும் இந்தப் பிரிவு, அறநூல்கள் பலவற்றிலும் காணக் கிடைக்காத நுட்பம் உடையது.

2015 செப்டம்பர் இறுதியில் சென்னையில் தொடங்கிய உலக அணி பிரிட்ஜ் போட்டி உடன்பாட்டை மறைப்பது பற்றிய இந்தச் சிக்கலின் நிழலிலேயே நடந்தது. முன்னணி இணைகள் சில, சீட்டுப் பலகையை வைக்கும் இடத்தாலும் சீட்டை நெடுக்காகவோ குறுக்காகவோ இறக்கும் வகையாலும் தமக்குள் செய்தி பரிமாறிக்கொண்டதாகச் சில வாரங்களுக்கு முன் குற்றச்சாட்டு எழ, இஸ்ரேல், மொனாக்கோ, ஜெர்மனி அணிகள் விலகின; போலந்தின் ஓர் இணைக்கு அழைப்பு திரும்பப் பெறப்பட, அந்த அணியின் எஞ்சிய நால்வரே ஆடி அப்போட்டியின் பெர்முடா கோப்பையை வென்றனர். வழக்குகள் ஒரே முடிவை எட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்: ஓர் இணை தவற்றை ஒப்புக்கொண்டது, வேறோர் இணையின் மீதான தடையை 2018இல் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் நீக்கியது.

அத்தகைய மறைகுறி உண்மையில் நிகழும்போது, அதில் பொய்யான செய்தி ஒன்றும் இல்லை என்பதே வியப்பு. குறுக்காக வைத்த சீட்டு இணையருக்குச் சொல்வது முற்றிலும் மெய். அனுமதிக்கப்பட்ட பொய்க்கேள்வியோ முற்றிலும் பொய். குற்றம் மறைவில் இருக்கிறது என்றாலும் போதாது. அரக்கு மாளிகைச் சூழ்ச்சியை விதுரன் பிறர் அறியா மொழியில் தருமனுக்கு உணர்த்தியதைப் பாரதம் குற்றமாகக் கருதவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்து ஆலை ஒன்று முத்திரையிட்ட ஒப்பந்தப்புள்ளி கோரினால், விலையை மறைப்பதே அங்கே முறை. போட்டியாளர் தமக்குள் பேசி விலையை வகுத்துக்கொள்வதைத்தான் 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் தடுக்கிறது. ஆகவே மறைவும் வெளிப்படையும் தம்மளவில் அறமோ மறமோ அல்ல. எதிரே இருப்பவர் எந்த நிபந்தனையை நம்பி அங்கு வந்து அமர்ந்தார் என்பதே அவற்றின் தன்மையை மாற்றுகிறது. துரியோதனனுக்கும் தருமனுக்கும் இடையே அத்தகைய நிபந்தனை எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. தீமை பயக்காத சொல்லே வாய்மை என்ற வள்ளுவரின் வரையறையும், சொல்லை உலகத்தோடு ஒப்பிடுவதை விட்டு, அது பிறருக்கு என்ன செய்கிறது என்பதையே நோக்குகிறது.

இவ்விதிகளால் முழுமையாகத் தீராத இடம் ஒன்று உண்டு. பேசி வைத்த உடன்பாடு மட்டுமன்றி, நெடுநாள் சேர்ந்து ஆடிய பழக்கத்தால் தானாக உருவான புரிதலும் எதிரணிக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்பது விதி. குறிப்பறிதல் என்னும் தலைப்பில் பொருட்பாலிலும் காமத்துப்பாலிலுமாகத் திருக்குறள் இரண்டு அதிகாரங்கள் வைத்திருப்பதே, சொல்லாமல் உணரும் அறிவு எவ்வளவு பரந்தது என்பதைக் காட்டும். இணையரின் முகம் தெரியாதபடி 1975 முதல் பெரும் போட்டிகளில் மேசைக் குறுக்கே திரை வைக்கப்படுகிறது. அது முகக்குறிப்பைத் தடுக்கும், இருபதாண்டுப் பழக்கத்தைத் தடுக்காது. தமக்குத் தெரியும் என்பதே தெரியாத ஒன்றை எதிராளிக்குச் சொல்லும் கடமையை எந்த நேர்மையாளரும் முழுதாக நிறைவேற்ற இயலாது. கேட்கும்போது நினைவுக்கு வருவதை ஒளிக்காமல் சொல்வதற்கு மேல் நடுவராலும் எதையும் கோர முடிவதில்லை.