அவளுடைய சொந்தப் பெயர்

சுதந்திர பாரதத்தின் முதற் பொதுத்தேர்தலுக்காக, முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென்னின் மேற்பார்வையில், 17 கோடிக்கு மேற்பட்ட ஜனங்களின் பெயர்களைச் சேகரித்த காலத்தில், வட மாகாணங்கள் சிலவற்றில் அந்நியரிடம் தம் பெயரைச் சொல்ல ஸ்திரீகள் நாணியதனால், ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் மகள்’ என்றே எழுதிக்கொள்ள நேர்ந்தது. சொந்தப் பெயர் தராதவரைப் பட்டியலில் வைத்திருக்கலாகாது என்று சென் உறுதியாக நின்றமையால், ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் 1951-52 தேர்தலில் வாக்களிக்க முடியாமற் போயினர். கடுமையான முடிவுதான், எனினும், கணவன் பெயரின் மறைவில் நிற்பவளுக்குப் பிரஜை என்னும் அந்தஸ்து பூரணமாகக் கிட்டாது என்பதனால், அதை நியாயமென்றே நான் கருதுகிறேன்.

இன்று நம்மைத் தடுப்பது நாணமன்று, அசிரத்தையே. 18 வயது நிறைந்தவர் படிவம் 6-ஐயும், ஊர் மாறியவர் படிவம் 8-ஐயும் நிரப்பிக் கொடுத்தாற் போதும். வரைவுப் பட்டியல் வெளியாகும் நாட்களில், எழுத்தறிந்த ஒரு பெண் பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடிக்குச் சென்று, தன் தெருவின் கதவு எண்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்து, எதிர்வீட்டுக்குப் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த மருமகளின் பெயர் விடுபட்டிருப்பதைக் கண்டு, அன்றே அவளை அழைத்து வருவாளாயின், அதைக் காட்டிலும் மேலான தேசசேவை எனக்குப் புலப்படவில்லை. அரசியல் சாசனத்தின்படி கிராம சபை என்பதே ஊரின் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றோரின் சபையாகையால், அம்மருமகள் குடிநீருக்காகவும் தெருவிளக்குக்காகவும் அங்கே எழுந்து நின்று உரிமையோடு பேசுவதற்கும் அந்த ஒரு வரியே ஆதாரம்.