வேரில் கை வை, தம்பி!

ஹெத்தை ஹப்பா திருவிழாவுக்கு நீலகிரி ஊருக்கு வருகிறாய். வெள்ளை உடுத்திச் சாமி கும்பிடுகிறாய், பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறாய். மறுநாள் காலையில் தோட்டத்துப் பக்கம் ஒரு நடை. தாத்தா மண்ணைக் கொத்தி நட்ட தேயிலை அது. மேல்பக்கம் முழுக்கச் சீகை (வாட்டில்) மரம் மண்டிவிட்டது. ஓடையோரம் கற்பூர (யூகலிப்டஸ்) மரங்கள் நிமிர்ந்து நிற்கின்றன. கீழே ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடி. அப்பா காலத்தில் வெட்டிய கட்டைகளில் ஒவ்வொன்றிலும் கொத்துக் கொத்தாகத் துளிர். ஒரு பெருமூச்சு விட்டு, ‘இது நம்மால் ஆகிற காரியமா?’ என்று சொல்லிவிட்டு பெங்களூர் பஸ் ஏறிவிடுகிறாய்.

ஆகும் தம்பி! ஏன் ஆகாது?

தன்னம்பிக்கைக் கட்டுரை என்றதும், மனசில் முளைத்த களையைப் பிடுங்கு என்று ஆரம்பிப்பேன் என நினைத்திருப்பாய். மனசு கொஞ்ச நேரம் சும்மா இருக்கட்டும். நான் பேசுவது நிஜமான கட்டையைப் பற்றி, நிஜமான கடப்பாரையைப் பற்றி.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். இந்த மரங்கள் மலையோடு பிறந்தவை அல்ல. 1843-இல் கேப்டன் காட்டன் என்ற ராணுவப் பொறியாளர் கற்பூர மரத்தை நீலகிரிக்குக் கொண்டுவந்தார். சீகையும் அதே ஆஸ்திரேலியச் சரக்குதான். துரைமார்களுக்குக் குளிர்காய விறகு வேண்டியிருந்தது. பிறகு தோல் பதனிடச் சீகைப் பட்டை கேட்டார்கள், சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்குக் கட்டை கேட்டார்கள். சுதந்திரம் வந்த பிறகும் நாமே தோடர் எருமைகள் மேய்ந்த புல்வெளியைக் குழி குழியாகத் தோண்டி இதே மரங்களை நட்டோம். ஆள் வைத்து, கூலி கொடுத்து, மனிதக் கை நட்டவை இவை. நட்ட கைக்கு எடுக்கத் தெரியாதா?

தென்னாப்பிரிக்காவில் இதே சீகை ஆற்றோரங்களை விழுங்கியது. 1995-இல் அந்த அரசு ஏழை ஆண்களையும் பெண்களையும் கூலிக்கு அமர்த்தி, ஊற்றுக் கண்களை உறிஞ்சும் அந்நிய மரங்களை அகற்றத் தொடங்கியது. நம் பக்கத்திலேயே பார். கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கைகள் காட்டை அடைத்த உண்ணிச்செடியை வெட்டி, அதன் தண்டிலேயே நிஜ அளவு யானைகள் செய்தன. 2021-இல் அந்த யானைகள் லண்டன் பூங்காக்களில் நின்றன. நம் அரசும் 2022-இல் அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. முதுமலையின் மஞ்சள் கொன்றை காகித ஆலைக்குப் போகிறது. காட்டையே சுத்தம் செய்ய ஆள் இறங்கிவிட்ட பிறகு, உன் ஒன்றரை ஏக்கருக்கு என்ன வந்தது?

ஆனால் உணர்ச்சிவசப்பட்டுக் கோடரியைத் தூக்காதே. உன் அப்பா வெட்டாமலா இருந்தார்? வெட்டினார். மேலே மட்டும் வெட்டினார். அதனால்தான் ஒரு கற்பூர மரம் இருந்த இடத்தில் இன்று பத்துத் தண்டு நிற்கிறது.

வேருக்குச் சோறு போடுவது இலை. அந்தச் சோறு இறங்கும் வழி பட்டை. வழியை அடை. முழங்கால் உயரத்தில் கத்தியால் மரத்தைச் சுற்றி ஒரு கோடு போடு, ஒரு சாண் கீழே இன்னொரு கோடு. நடுவிலுள்ள பட்டையை நெம்பு. மழை பெய்து ஓய்ந்த நாளென்றால் ஈரத்தோடு நாடா நாடாவாகக் கழன்று வரும், உள்ளே மரம் வழுவழுவென்று வெளுத்துத் தெரியும். ஒரு விரற்கடைப் பட்டைகூட மிச்சம் வைக்காதே, அந்த இடுக்கு வழியாகவே மரம் பிழைத்துக்கொள்ளும். பிறகு, கோட்டுக்குக் கீழே துளிர்த்தால் கிள்ளிவிட்டு, மரத்தை விட்டுவிடு. வேர் தன்னிடம் சேர்த்து வைத்த மாவுச்சத்தைத் தானே தின்று தீர்க்கும். ஒரு வருஷத்துக்கு மேலேயும் ஆகும், ஆகட்டும். மரம் நின்றபடியே காய்ந்த பிறகு வெட்டு.

எதற்கு இந்தப் பொறுமை? பச்சை மரத்தை வெட்டிக் கட்டையை மண்ணில் விட்டால், சத்து நிறைந்த அந்த வேரில் பூஞ்சை குடியேறும். சிவப்பு வேர் நோய், பழுப்பு வேர் நோய் என்று தேயிலைக்காரர்கள் பயப்படுவது இதற்குத்தான். கட்டையிலிருந்து பக்கத்துச் செடிக்கு, அதிலிருந்து அடுத்த செடிக்கு என்று வேர் வழியாகவே பரவி, திட்டுத் திட்டாகத் தோட்டம் காயும். சந்தேகம் இருந்தால், தோட்டக்காரர்கள் சங்கமான உபாசியின் வேளாண் அறிவியல் மையம் குன்னூரிலேயே இருக்கிறது, போய்க் கேள். கேட்பதில் என்ன கௌரவக் குறைச்சல்?

உண்ணிச்செடிக்கு வேறு வைத்தியம். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபுவின் குழு காட்டிய வழி அது. மண்ணுக்கு இரண்டு விரல் கீழே ஆணிவேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போடு. பழம் பழுப்பதற்கு முன்னால் செய், இல்லாவிட்டால் விதைப்பு வேலையைக் குருவிகள் பார்த்துக்கொள்ளும். சீகைக் குப்பைக்குத் தீ மட்டும் வைக்காதே. அதன் விதை மண்ணில் பல பத்தாண்டுகள் தூங்கும், சூடு பட்டால் விழிக்கும். நெருப்பு வைத்தவன் அடுத்த வருஷம் நாற்றங்காலைப் பார்ப்பான்!

‘அனுமதி வாங்க அலைய வேண்டுமே’ என்கிறாயா? அலை. மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955-இலிருந்து இருக்கிறது. பட்டா நிலமானாலும் மாவட்டக் குழுவின் அனுமதி இல்லாமல் மரத்தில் கத்தி வைக்கக் கூடாது. பட்டை உரிப்பதும் மரத்தைக் கொல்வதுதான், அதற்கும் முதலில் காகிதம் கையில் வரட்டும். எந்த மரம், எத்தனை என்று எழுதி மனுக் கொடு. ஈட்டியையும் சோலை மரங்களையும் அந்தப் பட்டியலில் சேர்க்காதே, அவை இந்த மண்ணின் சொந்தக்காரர்கள். குறுக்கு வழி காட்டுகிறவன் பேச்சைக் கேட்காதே. சட்டத்துக்குப் பயந்து சும்மா இருப்பதும் சட்டத்தை ஏய்ப்பதும் என் கணக்கில் ஒரே சோம்பேறித்தனம்தான்.

இன்னொன்று, கண்டிப்பாகக் கேள். 1993-இல் குன்னூர்ப் பக்கத்து மரப்பாலத்தில் மலை சரிந்தது. 2009 நவம்பரில் நீலகிரியில் மறுபடி சரிந்தது. செங்குத்தான சரிவில் கட்டையைத் தோண்டினால் மண்ணும் கூடவே வரும். அங்கே பட்டையை மண்மட்டம் வரை உரித்துக் கட்டையை இருந்த இடத்திலேயே உளுக்க விடு, துளிர்க்கத் துளிர்க்கக் கிள்ளு, சுற்றிலும் புல்லையும் சோலைக் கன்றையும் வை. மட்டமான இடத்தில் மட்டும் தோண்டு. பக்க வேர்களை ஒவ்வொன்றாக வெட்டு, அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பு. முதல் நாள் அசையாது. உள்ளங்கை கொப்பளிக்கும். அந்தக் கையோடுதான் மறுநாளும் போகவேண்டும். வாரம் ஒரு கட்டை என்றாலும் வருஷத்துக்கு ஐம்பது!

தங்கச்சி, உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இந்த மலையில் தோட்டத்தைத் தாங்கி நிற்பது பெண்களின் கை. கொழுந்து கிள்ளி வளர்த்த அம்மாவின் மகளுக்குப் பட்டை உரிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காசுக்கு வழியா? காய்ந்த கட்டையை விறகுக்கு வாங்கத் தேயிலை ஃபேக்டரிகள் இருக்கின்றன. கூலியில் ஒரு பங்காவது அதில் வரும்.

ஐப்பசி மழை வந்துவிட்டால் மலையில் எந்த வேலையும் ஓடாது. அதற்கு முன் மனு உள்ளே போயிருக்க வேண்டும். பட்டா நகல் யாரிடம் இருக்கிறது என்று இன்று ராத்திரியே சித்தப்பாவுக்குப் போன் போட்டுக் கேள்.