ஆயுதத் தொழிற்சாலையில் முதல் வேலை

புதுச்சத்திரம் வட்டாரத்தில், பாச்சல் தொடங்கி நாமக்கல் வரை, நெடுஞ்சாலையை ஒட்டிப் பொறியியல் கல்லூரிகள் நிற்கின்றன. அங்கே மெக்கானிக்கலோ ஈசிஇயோ முடிப்பவர்களில் பலர், குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். 2018 மத்திய பட்ஜெட் நாட்டுக்கு இரண்டு பாதுகாப்புத் தொழில் வழித்தடங்களை அறிவித்தது. அவற்றில் ஒன்று தமிழ்நாட்டுக்கு வந்தது. 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்ட அந்தத் திட்டத்தின் ஐந்து முனையங்களில் சென்னை, கோவை, ஓசூர், திருச்சியோடு பக்கத்திலுள்ள சேலமும் இடம்பெற்றது. லாரிக்கு பாடி கட்டுவதிலும் போர்வெல் ரிக் செய்வதிலும் பேர் வாங்கிய பகுதியின் பிள்ளைகளுக்கு, பீரங்கி உதிரிபாகமும் ரேடார் பலகையும் இனி எட்டாத வேலைகள் இல்லை.

இந்த வேலைக்குப் போகலாமா? வீட்டில் இப்படி ஒரு கேள்வி எழுவதே அபூர்வம். பிஇஎல், எச்ஏஎல் போன்ற அரசுப் பாதுகாப்பு நிறுவனங்கள் என்றாலே மாதம் தவறாத சம்பளம், பி.எஃப்., ஊரில் மரியாதை. கல்விக்கடன் தலைமேல் நிற்கும்போது அதைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

வேலையை ஆதரிப்பவர்களின் வாதத்திலும் வலு இருக்கிறது. எல்லையில் ராணுவம் வேண்டும் என்று ஒப்புக்கொள்பவர், அந்த ராணுவத்துக்குக் கருவி செய்பவரை மட்டும் பாவி என்று ஒதுக்க முடியாது. தற்காப்பு நியாயம் என்றால் அதற்கான உழைப்பும் நியாயம்தான்.

ஆனால் செய்த பொருள் எப்போதும் எல்லையிலேயே நிற்பதில்லை. 2024-25இல் இந்தியாவின் பாதுகாப்பு ஏற்றுமதி 23,622 கோடி ரூபாய். பொதுமக்களைக் கொல்லப் பயன்படும் என்று தெரிந்தால் ஆயுதம் விற்கக்கூடாது என்று கட்டுப்படுத்தும் ஆயுத வணிக உடன்படிக்கை 2013இல் ஐ.நா. பொதுச்சபையில் வாக்கெடுப்புக்கு வந்தபோது இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. யாருக்கு விற்பது என்பதை அரசு முடிவு செய்கிறது. டிராயிங் போட்டவரிடம் யாரும் கேட்பதில்லை.

தமிழர்கள் இதை மிக அருகில் பார்த்தது வவுனியாவில். 2008 செப்டம்பர் 9 அதிகாலையில் அங்கிருந்த இலங்கைப் படைத்தளத்தை விடுதலைப் புலிகள் தாக்கினார்கள். காயம்பட்டவர்களில் இரண்டு பேர் இந்தியர்கள். இந்தியா கொடுத்த இந்திரா ரேடாரைப் பராமரிக்கப் போயிருந்த பிஇஎல் பணியாளர்கள் அவர்கள். இந்தியர்களுக்கு அந்தத் தளத்தில் என்ன வேலை என்று தமிழ்நாட்டில் கொதிப்பு எழுந்தது.

ரேடார் சுடுவதில்லை. தாழப் பறந்து வரும் விமானத்தைக் கண்டுபிடிப்பதுதான் அதன் வேலை. 2007 மார்ச் முதல் புலிகளின் சிறு விமானங்கள் குண்டுவீசத் தொடங்கியிருந்தன. அவற்றுக்குக் கீழே இருந்தவர்களுக்கு அந்த ரேடார் காவல். அதே நேரம் அது காத்து நின்ற படைதான் வன்னியில் போர் நடத்தியது. அந்தப் போரின் கடைசிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்ற மதிப்பீடுகளை 2011இல் ஐ.நா. நிபுணர் குழு பதிவு செய்தது. பழுது பார்க்கப் போன இருவரையும் இந்தச் சாவுகளுக்குப் பொறுப்பாக்குவது அநியாயம். அதற்காக அந்த ரேடாருக்கும் போருக்கும் சம்பந்தமே இல்லை என்று சொன்னால் அதுவும் உண்மையாகாது. பொறுப்பு அவரவருக்குத் தெரிந்த அளவுக்கும், மறுக்க முடிகிற அளவுக்கும் தக்கபடி கூடும், குறையும். நேற்றுச் சேர்ந்த டிரெய்னிக்கு அது மிகக் குறைவு. பதினைந்து வருடம் கழித்து ஏற்றுமதிக் கோப்பில் கையெழுத்திடும் மேலாளருக்கு அது குறைவே இல்லை.

“நான் செய்யாவிட்டால் இன்னொருவர் செய்வார்” என்ற சமாதானம் இங்கே உதவாது. இன்னொருவர் செய்தால் அது அவர் கணக்கு. இதைவிட நேர்மையான வழியைக் காட்டியவர் ஜோசப் ராட்பிளாட். ஹிட்லரின் ஜெர்மனி அணுகுண்டு செய்துவிடுமோ என்ற அச்சத்தில்தான் அந்த இயற்பியலாளர் அமெரிக்காவின் மன்ஹாட்டன் திட்டத்தில் சேர்ந்தார். ஜெர்மனியால் அது ஆகாது என்று தெரிந்ததும் 1944 இறுதியில் விலகினார். சேர்ந்ததற்கு ஒரு காரணம் வைத்திருந்தார், அந்தக் காரணம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டும் இருந்தார். ஆயுதத் துறையில் சேரும் இளைஞருக்கும் இது பொருந்தும்.

முதல் சில வருடங்களில் மனசாட்சிக்குச் சோதனை வருவது பெரும்பாலும் போர்க்களத்தில் அல்ல, இன்ஸ்பெக்‌ஷன் மேசையில்தான். ஜபல்பூர் கன் கேரேஜ் ஃபேக்டரியில் உருவாகும் 155 மி.மீ. தனுஷ் பீரங்கிக்கு, ஜெர்மன் தயாரிப்பு என்று சொல்லிச் சீன பேரிங்குகளைக் கொடுத்ததாக டெல்லி சப்ளையர் ஒருவர் மீதும், பெயர் குறிப்பிடாத ஆலை அதிகாரிகள் மீதும் 2017இல் சிபிஐ வழக்குப் பதிந்தது. அளவு மாறியிருந்தும் பேரிங்குகள் ஏற்றுக்கொள்ளப்பட்டன என்பது குற்றச்சாட்டின் ஒரு பகுதி. எந்த ஆலையிலும் இப்படி ஒரு பாகம் மேசைக்கு வரும்போது, மைக்ரோமீட்டர் காட்டும் அளவை அப்படியே எழுதுவதா, மேலதிகாரி சொன்னபடி எழுதுவதா என்ற நெருக்கடி ஜூனியர் தலையில்தான் விழும். பீரங்கியை இயக்கும் சிப்பாயின் உயிர் அந்த ஒரு வரியில் இருக்கிறது. போரை எதிர்ப்பவரும் ஆதரிப்பவரும் இதில் ஒரே பக்கம் நிற்க முடியும்.

ஆகவே வேலையை ஏற்பது தவறில்லை. கண்ணிவெடி, கொத்துக்குண்டு போல யாரைக் கொல்கிறோம் என்றே தெரியாத ஆயுதங்களில் மட்டும் கைவைக்க மறுப்பது நியாயம். 1997, 2008 உடன்படிக்கைகள் அவற்றைத் தடை செய்தன. இந்தியா அவற்றில் சேரவில்லை என்பதால் இங்கே அந்த மறுப்புக்குச் சட்டத்தின் துணை இல்லை, தனிமனிதர்தான் அதைச் சுமக்க வேண்டியிருக்கிறது.

அந்தச் சுமையை இருபத்திரண்டு வயதுக்காரர் தலையில் மட்டும் வைத்துவிட்டு மற்றவர்கள் ஒதுங்குவது சரியல்ல. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் நிறுவனம் என்ன செய்கிறது, யாருக்கு விற்கிறது என்பதைப் பிளேஸ்மென்ட் அலுவலகம் சம்பளத்தோடு சேர்த்துச் சொல்லலாம். 1923ஆம் ஆண்டின் அரசு ரகசியச் சட்டம் வெளியே பேசத் தடை போடுகிறது, நிறுவனத்துக்குள்ளே கேட்பதை அது தடுக்கவில்லை. தவறான சோதனை அறிக்கையில் கையெழுத்திட மறுத்த டிரெய்னியின் ஒப்பந்தம் அதற்காகவே புதுப்பிக்கப்படாமல் போகக்கூடாது என்று பணிவிதியில் எழுதிவைக்க ஒரு சுற்றறிக்கை போதும். சேலத்துக்கு இனி வரும் ஒவ்வொரு ஆலையிடமும் இதை முதல் நாளிலேயே கேட்கும் வாய்ப்பு கல்லூரிகளுக்கும் மாநில அரசுக்கும் இருக்கிறது.