இரண்டு கையொப்பம்

தோட்டத்துக் கோயிலில் ஊர் கூடித் தாலி கட்டி, லயத்தில் குடித்தனம் நடத்தும் இருவரைப் பார்த்து 'நீங்கள் கல்யாணம் ஆகாதவர்கள்' என்றால் அடிக்க வருவார்கள். பிள்ளை பிறந்ததும் பதிவேடு அதையே சொல்லிவிடுகிறது. பெற்றோர் விவாகமானவர்களா என்ற கூட்டில் 'இல்லை' என்று விழுகிறது. வழக்கப்படி நடந்த திருமணத்தை நீதிமன்றம் ஏற்கும்; பதிவாளரின் மேசையில் கேட்கப்படுவதோ விவாகச் சான்றிதழ். ஹட்டன், நுவரெலியா தோட்டங்களில் அது இல்லாத குடும்பங்கள் ஏராளம்.

1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, மணமாகாதவர்களின் பிள்ளைக்குத் தகப்பன் பெயர் எழுத, தாயும் தகப்பன் என்று ஏற்பவரும் சேர்ந்து கேட்டுக் கையொப்பமிட வேண்டும். இல்லையேல் நீதிமன்றக் கட்டளை வேண்டும். தாய் சொல் மட்டும் போதாது. யார் பெயரையும் யாரும் எழுதிவிடக் கூடாது என்பது நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்துக்கு விலை கொடுப்பது பிள்ளை. பள்ளிக்கூடம், அடையாள அட்டை என்று போகுமிடமெல்லாம் தகப்பன் பெயர் இல்லாத அந்த வெற்றுக் கூடும் கூடவே போகிறது.

மலையகத்தில் இது மானப் பிரச்சினை மட்டுமல்ல. தகப்பனும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்று சான்று கேட்டுத்தான் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. தாய் வழியாகவும் குடியுரிமை வரலாம் என்று சட்டம் திருந்த 2003 ஆயிற்று.

இன்னொரு நிலை சிக்கலானது. கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போனவள் வயிற்றில் பிள்ளையோடு திரும்புகிறாள். பழகியவனுக்கு விஷயமே தெரியாது. அவனைக் குற்றம் சொல்ல முடியுமா? முடியாது. ஆனால் பழி வேறு, பொறுப்பு வேறு. பழி அவன் அறிந்த நாளிலிருந்து. பொறுப்பு பிள்ளை பிறந்த நாளிலிருந்து. அவன் அறியாத மாதங்களிலும் பால்மாக் கடன் கடைக் கொப்பியில் அவள் பேரில் ஏறிக்கொண்டுதானே இருந்தது?

அவள் சொல்லாமல் விட்டது தப்பா? அடிக்கிற ஆளிடமிருந்து தப்பி வந்தவள் சொல்லத் தேவையில்லை. வெட்கத்தால் வாய் மூடியவளைக் குறை சொல்லுமுன், அந்த வெட்கத்தை உண்டாக்கும் லயத்துப் பேச்சைக் கேட்க வேண்டும். ஆனாலும் பிள்ளை வளர்ந்து கேட்கும்போது மறைக்கும் உரிமை அவளுக்கு இல்லை.

பிள்ளையின் செலவுக்குத் தகப்பனிடம் காசு கேட்கும் மணமாகாத தாயை, 1889ஆம் ஆண்டின் தாபரிப்புக் கட்டளைச் சட்டம், பிள்ளை பிறந்து 12 மாதத்துக்குள் வழக்குப் போடச் சொன்னது. பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுக் கொழுந்துக்குப் போகிறவளுக்கு அந்தக் கெடு எப்படிப் போயிருக்கும்! 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டம் அதைக் கைவிட்டது. தந்தை யாரென்று வலுவான சான்றால் நீதவானைத் திருப்திப்படுத்தினால் போதும். அந்த வலுவான சான்றைத் தேடி அலைவதும் தாயே.

பிள்ளையின் காவல் தாயிடம், காசு மட்டும் தன்னிடமா என்று கேட்கும் ஆண்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. கையொப்பமிட வராதவன் வாயில் அது எடுபடாது.

தாய் சொல்லும் பெயரைப் பதிவாளர் ஏற்று, அந்த ஆளுக்கு அறிவித்தல் அனுப்பட்டும். மறுப்பவன் நீதிமன்றம் ஏறட்டும். சட்டம் அப்படி மாறும் வரை, கோயிலில் தாலி கட்டியவர்கள் விவாகப் பதிவாளரிடமும் ஒரு நடை போய் வாருங்கள். ஒரு நாள் பேர், அதாவது கூலி, போகும்; போகட்டும்.