மரத்தின் கீழே என்ன முளைக்கிறது?

 

கடந்த ஏப்ரல் மாதம் நம் சபை வாலிபர்களோடு ஜெப முகாமுக்காகக் கொடைக்கானல் போயிருந்தேன். கடைசி நாள் காலை ஏரிக்கரையில் ஜெபித்துவிட்டு, தூண் பாறை ரோட்டிலுள்ள பைன் காட்டுக்கு நடந்தே புறப்பட்டோம். போக வர முழு நாள் நடை. நாங்குநேரி வெயிலில் பனையையும் உடைமரத்தையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், அண்ணாந்து பார்த்து "ஸ்தோத்திரம்!" என்றார்கள். நூல் பிடித்தாற்போல் நேரான மரங்கள். பிரையண்ட் என்ற ஆங்கிலேயர் 1906-ல் நட்ட காடு அது. "பார்த்தீர்களா, விசுவாசி இப்படித்தான் உயர்ந்து நிற்க வேண்டும்" என்று நானும் பிரசங்கத்தை ஆரம்பித்துவிட்டேன்.

ஆடு மேய்க்கிற வீட்டுத் தம்பி ஒருவன் மட்டும் தரையையே பார்த்தான். "ஐயா, மரம் இம்புட்டு ஒசரமா நிக்கு. ஆனா கீழ ஒரு ஆட்டுக்கு ஒரு வாய் புல்லு கெடையாதே!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

அவன் சொன்னது உண்மை. பைன் நம் மலைகளுக்குச் சொந்த மரமல்ல. வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டது. அதன் ஊசி இலைகள் சீக்கிரம் மக்குவதில்லை. மெத்தை போல் மூடிக்கொள்ளும். மேலே நிழல், கீழே இலை. சிறு செடி தலைதூக்குவது கஷ்டம். வழியில் பார்த்த சோலைக்காடோ வேறு மாதிரி. மரம் குட்டைதான், வளைந்ததுதான். ஆனால் அதன் கீழே பாசி, பெரணி, கன்றுகள். மழைநீரைப் பிடித்துவைத்து, கோடையிலும் ஓடைக்குக் கொடுக்கிறது.

அங்கேயே ஆவியானவர் என் உள்ளத்தில் கேட்டார்: "மகனே, உன் கீழே என்ன முளைக்கிறது?"

தேவபிள்ளைகளே, வெட்கத்தோடு எழுதுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் நம் சபையில் ஒரு வாலிபன் வைராக்கியமாய் ஜெபிக்க ஆரம்பித்தான். ஜனங்கள் ஜெபத்துக்கு அவனைத் தேடிப் போனார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "முதலில் கீழ்ப்படியக் கற்றுக்கொள்" என்று சொல்லி, மைக்கை அவன் கையிலிருந்து வாங்கினேன். அவன் வருவதை நிறுத்தினான். "பின்மாற்றக்காரன்" என்று நானே பேர் வைத்தேன்.

எண்ணாகமம் 11-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். எல்தாத்தும் மேதாத்தும் பாளயத்தில் தீர்க்கதரிசனம் சொன்னபோது, அவர்களைத் தடுக்கும்படி யோசுவா கேட்டான். மோசேயோ, கர்த்தருடைய ஜனங்கள் எல்லாருமே தீர்க்கதரிசிகளானால் நலமாயிருக்குமே என்றான். அப்படிப்பட்ட மோசேயின் நிழலில்தான் யோசுவாவே வளர்ந்தான். என் நிழலிலோ ஒருவன் கருகிப்போனான்.

ஊர் திரும்பிய அன்று இரவே அவன் வீட்டுக்குப் போனேன். "பாஸ்டர் வந்திருக்காவ" என்று அவன் தாயார் பதறி எழும்பினார்கள். அவன் கையைப் பிடித்து, "தம்பி, தப்பு என்மேல், மன்னிச்சிரு" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் வெள்ளி உபவாச ஜெபத்துக்கு வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்தான். இன்னும் வாய் திறந்து ஜெபிக்கவில்லை. காத்திருக்கிறேன்.

அருமையானவர்களே, இது ஊழியக்காரனுக்கு மட்டுமல்ல. மாமியாரே, உங்கள் நிழலில் மருமகள் தழைக்கிறாளா? பாடகர் குழுத் தலைவரே, உங்களுக்குப் பின் பாட யாரை எழுப்பினீர்கள்? அண்ணனே, தம்பியைப் பேச விட்டீர்களா?

நமக்கு மேற்கே களக்காட்டு மலையைப் பாருங்கள். அந்தக் காட்டை மனுஷன் வரிசை போட்டு நடவில்லை. அங்கிருந்துதான் பச்சையாறு இறங்கி, வயலுக்குப் பாய்ந்து, தாமிரபரணியில் சேருகிறது. கர்த்தர் நட்ட காடு தன் உயரத்தைக் காட்டி நிற்பதோடு முடியாது. கீழே உள்ளவனுக்குத் தண்ணீர் கொடுக்கும்.

அப்படிப்பட்ட காடாக கர்த்தர் நம்மை மாற்றுவாராக. ஆமென், அல்லேலூயா!