காதல் நாவலும் மனச்சான்றும்

நம் இல்லங்களில் நெடுங்காலமாக ஒலித்துவரும் ஒரு குரல் உண்டு. "செய்ய வேண்டிய வேலை அத்தனையும் கிடக்கிறது, கதைப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாயே!" என்னும் குரல் அது. அந்தப் புத்தகம் காதல் நாவலாக இருந்துவிட்டால் கண்டிப்போடு ஏளனமும் சேர்ந்துகொள்கிறது. ஆகவேதான் நம் தாய்மாரும் சகோதரிகளும் அதை அரிசிப் பானைக்குப் பின்னாலும் தலையணைக்கு அடியிலும் மறைத்து வைத்துப் படித்தார்கள். காதல் கதையை விரும்பிப் படிப்பது குற்றமா? அதில் செலவாகும் நேரம் இறைவனிடமிருந்தும் குடும்பத்திடமிருந்தும் திருடப்பட்ட நேரமா? இக்கேள்வியை ஏளனமின்றிச் சிந்தித்துப் பார்ப்பது நம் கடமை என எண்ணுகிறோம்.

முதலில் ஓர் உண்மையை நினைவில் கொள்வோம். காதலைப் பாடுவதில் நம் மொழி ஒருபோதும் நாணியதில்லை. தொல்காப்பியம் வாழ்வையே அகம், புறம் எனப் பிரித்து, அகத்துக்கு முதலிடம் தந்தது. நம் விருதுநகர் மாவட்டத்துத் திருவில்லிபுத்தூர் ஆண்டாளைத் தந்த ஊர். ஒரு பெண்ணின் காதலே பக்தியின் மொழியாக அங்கே மலர்ந்தது. நம் திருவிவிலியத்தின் நடுவிலும் 'இனிமைமிகு பாடல்' இடம்பெற்றிருக்கிறது. காதலனும் காதலியும் ஒருவரையொருவர் தேடி அலையும் அந்நூலைத் திருச்சபை விலக்கவில்லை; இறைவார்த்தையாகவே ஏற்றுப் போற்றுகிறது.

தமிழில் நாவல் பிறந்த கதையும் நமக்கு அந்நியமானதன்று. 1879இல் வெளிவந்த முதல் தமிழ் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை ஒரு கத்தோலிக்கர். நீதியோடு வாழ்ந்த மாவட்ட முன்சீப். அவருடைய நாயகி ஞானாம்பாள் கணவனைப் பிரிகிறாள். ஆண்வேடம் பூண்டு ஒரு நாட்டையே ஆள்கிறாள். பின்னர்க் கணவனோடு சேர்கிறாள். பிரிவும் துணிவும் கூடலும் நிறைந்த அக்கதையை, பெண்கல்விக்காக வாதாடிய ஒரு விசுவாசி எழுதினார் என்பது சிந்திக்கத் தக்கது. அவருக்குப் பின் வை. மு. கோதைநாயகி அம்மாள் நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதி 'ஜகன்மோகினி' இதழையும் நடத்தினார். மருத்துவராகப் பணியாற்றிய லட்சுமி, பெண்களின் மனத்தைக் கதையாக்கி, 1984இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றார். பின்னர் ரமணிசந்திரனின் நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் மாத நாவல்களாகவும், வாடகை நூலகப் பிரதிகளாகவும், வார இதழ்த் தொடர்களைக் கிழித்துத் தைத்த கட்டுகளாகவும் தமிழகமெங்கும் வீடுதோறும் நுழைந்தன.

எனினும் மறுதரப்பின் எச்சரிக்கையை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. புனித அகுஸ்தினார் தம் 'ஒப்புதல்கள்' நூலில், காதலுக்காக உயிர்விட்ட தீதோ என்னும் அரசிக்காகத் தம் பள்ளிப் பருவத்தில் கண்ணீர் சிந்தியதையும், இறைவனை விட்டு விலகிச் செத்துக்கொண்டிருந்த தம் ஆன்மாவுக்காக ஒரு துளியும் சிந்தாததையும் எண்ணி வருந்துகிறார். அவிலா புனித தெரேசம்மாள் தம் வரலாற்றில், வீரமும் காதலும் கலந்த கதைநூல்களைத் தந்தைக்குத் தெரியாமல் இரவும் பகலும் படித்ததையும், புதிய புத்தகம் கைக்கு வராவிட்டால் மகிழ்ச்சியே இல்லாமற்போனதையும் சொல்கிறார். திருச்சபையின் தடைநூற் பட்டியலில் பால்சாக், ஸ்தந்தால், ஜார்ஜ் சாண்ட் ஆகியோரின் காதல் கதைகள் அனைத்தும் ஒட்டுமொத்தமாக ஒரு காலத்தில் இடம்பெற்றிருந்தன. அப்பட்டியல் 1966இல் சட்ட வலிமை இழந்தது. ஆயினும் அதன் நிழல் நம் வீட்டுப் பெரியவர்களின் நாவில் இன்னும் தங்கியிருக்கிறது.

ஆனால் தெரேசம்மாள் அவ்விடத்தில் மற்றொன்றையும் சொல்கிறார். அந்நூல்களின் மீதான ஆசை அவருக்குத் தாயிடமிருந்து வந்தது. தாயோ பல குழந்தைகளைப் பெற்றவர், நோயால் நலிந்தவர். வீட்டுக் கடமைகளில் குறைவைக்காமல், தமக்கு நேர்ந்த பெருந்துன்பங்களை நினையாதிருப்பதற்காகவே அவர் படித்திருக்கக்கூடும் என்று மகள் பரிவோடு எழுதுகிறார். தம்மைக் கண்டிக்கும்போது கடுமை காட்டும் தெரேசம்மாள், தாயைப் பற்றிப் பேசும்போது இரக்கம் கொள்கிறார். 1970இல் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவிக்கப்பட்ட அவரிடம் நாம் கற்க வேண்டிய முதற்பாடம் இது: யார் படிக்கிறார், எத்தகைய வாழ்வின் நடுவே படிக்கிறார் என்பதை அறியாமல் படிப்பதற்குத் தீர்ப்பிடலாகாது.

அந்த வாழ்வை நம் மண்ணில் பார்ப்போம். 1920களில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து சிவகாசியில் தொடங்கினர். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும், அச்சுத் தொழிலும் வளர்ந்தன. வானம் பார்த்த கரிசல் பூமிக்கு அவை சோறு போட்டன. ஆனால் அந்தச் சோற்றின் விலை பெரிது. விடியுமுன் ஊர் ஊராக வரும் ஆலை வேனில் ஏறும் பெண்கள், பொழுதெல்லாம் குழாய் சுற்றுகிறார்கள், திரி செருகுகிறார்கள், சரம் பின்னுகிறார்கள். எண்ணிக்கைக்கு ஏற்பவே கூலி. ஒரு சிறு உராய்வு போதும், கூடமே தீப்பற்றிவிடும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நிகழ்ந்த கொடுமையை இப்பகுதி மறக்கவில்லை. அதற்குப் பின்னும் வெடிவிபத்து நிகழாத ஆண்டு அரிது.

இன்னொன்றும் உண்டு. 1980களில் இத்தொழில்களில் ஈடுபட்டிருந்த சிறுவர் சிறுமியரின் நிலை நாட்டையே உலுக்கியது. 1986இல் சட்டம் வந்தது. சிவகாசிச் சிறாரை முன்வைத்துத் தொடுக்கப்பட்ட வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்று பள்ளிக்குப் போகாமல் தீப்பெட்டி ஒட்டிய சிறுமியர் இன்று ஐம்பது வயதை நெருங்கும், கடக்கும் தாய்மார். அவர்களுள் ஒருவர் இரவுப் பள்ளியிலோ அறிவொளி வகுப்பிலோ எழுத்துக்கூட்டக் கற்று, இருநூறு பக்க நாவல் ஒன்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை தாமே படித்து முடிக்கிறார் எனில், அது வீண்பொழுதா? அவரிடமிருந்து பறிக்கப்பட்ட ஒன்றை அவரே மீட்டுக்கொண்ட நற்செயல் என்றல்லவா நாம் சொல்ல வேண்டும்?

காதல் நாவலின் மீது சாட்டப்படும் முதற்குற்றம், முடிவு எப்போதும் மங்கலமாக இருக்கிறது என்பது. வாழ்க்கை அப்படியில்லையே என்கிறார்கள். உண்மைதான். ஆனால் காலையில் வேலைக்குப் போனவர் மாலையில் முழு உடலோடு திரும்பி வருவாரா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊரில், போனவர் திரும்பி வருவதாக முடியும் கதையை மக்கள் விரும்புவதில் வியப்பென்ன? மங்கல முடிவு உலகம் இப்படித்தான் இருக்கிறது என்று சான்று கூறுவதில்லை. இப்படி இருக்க வேண்டும் என்னும் ஏக்கத்தைக் கூறுகிறது. எதிர்நோக்கு ஓர் இறையியல் பண்பு என்று மறைக்கல்வியில் கற்ற நாம், அதன் எளிய உருவத்தைக் கண்டு நகைக்கலாமா?

அமெரிக்க ஆய்வாளர் ஜானிஸ் ராட்வே 1984இல் வெளியிட்ட நூல் ஒன்று இங்கே உதவும். ஒரு நடுத்தர ஊரில் காதல் நாவல்களைத் தீராது படித்த இல்லத்தரசிகளை அவர் அணுகிக் கேட்டார். புத்தகக் கடையில் பணியாற்றிய ஒரு பெண், எந்த நாவல் நல்லது, எது ஆகாது என்று சிறு மடல் எழுதிப் பிறருக்கு வழிகாட்டி வந்தார். அவரைச் சுற்றி அந்த வாசகியர் கூடியிருந்தனர். ஏன் படிக்கிறீர்கள் என்று கேட்டபோது அவர்கள் கதையைப் பற்றி மட்டும் பேசவில்லை. கணவரும் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டே இருக்கும் நாளில், இது எனக்கான நேரம் என்று சொல்ல உதவுவது புத்தகம்தான் என்றனர். முரட்டு நாயகனை அவர்கள் வெறுத்தார்கள். பெண்ணைப் பேணத் தெரிந்த நாயகனையே தேடினார்கள். பிறரை நாளெல்லாம் பேணுபவரைப் பேண ஒருவர் வேண்டும் என்னும் பசி அது. ராட்வே ஓர் ஐயத்தையும் எழுப்பினார்: அந்தப் பசியைக் கதை ஆற்றிவிட்டால், பசிக்குக் காரணமான நிலைமை மாறாமலே நின்றுவிடாதா?

இந்த ஐயத்தை நாம் புறக்கணிக்கக் கூடாது. நம் மாத நாவல்கள் சிலவற்றில் உண்மையாகவே நஞ்சு உண்டு. நாயகன் நாயகியை அறைவான். அது அன்பின் மிகுதி என்று விளக்கப்படும். விருப்பமின்றித் தாலி கட்டுவான். சில அத்தியாயங்களுக்குப் பின் அதுவே காதலாகிவிடும். நாயகன் எப்போதும் செல்வன். நாயகி எப்போதும் சிவந்தவள். சீதனமும் சாதியும் பெயரின்றி மறைந்துவிடும். முத்தக் காட்சியைக் கண்டு முகம் சுளிக்கும் நாம், அறை வாங்கும் காட்சியைப் புரட்டிக்கொண்டு போகிறோமே, எது பெரிய ஒழுக்கக்கேடு? அடியைப் பொறுப்பதே பெண்மை என்று ஒரு சிறுமி நம்பிவிட்டால் அதற்கு யார் பொறுப்பு?

ஆகவே நமக்கு வேண்டியது தடை அன்று, தெளிந்து தேர்தல். அதற்கான அளவுகோலை ஒரு கதை வாசகரே நமக்குத் தந்திருக்கிறார். 1521இல் பம்பலோனா கோட்டைப் போரில் காலுடைந்து கிடந்த லொயோலா இஞ்ஞாசியார், பொழுதுபோக்க வீரக் காதல் கதைகளைக் கேட்டார். வீட்டில் அவை இல்லை. கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் வரலாறும் கிடைத்தன. ஒரு சீமாட்டிக்காகத் தாம் ஆற்றப்போகும் வீரச் செயல்களையும், புனிதர்களைப் போல் தாம் வாழ்வதையும் அவர் மாறி மாறிக் கற்பனை செய்தார். இரண்டும் அந்த நேரத்தில் இன்பமளித்தன. ஆனால் எண்ணம் கலைந்த பின் முன்னது உள்ளத்தை வறட்சியாக விட்டுச் சென்றது; பின்னது மகிழ்ச்சியை விட்டுச் சென்றது. ஆவிகளைத் தேர்ந்து தெளியும் அவருடைய முறை அந்த நோய்ப்படுக்கையில் பிறந்தது.

இந்த அளவுகோலை நாவலுக்கும் பொருத்தலாம். புத்தகத்தை மூடிய பிறகு என்ன எஞ்சுகிறது? அருகில் இருப்பவரிடம் கூடுதல் கனிவா, அல்லது அவர்மீது எரிச்சலா? நானும் மதிக்கத்தக்கவள் என்னும் நிமிர்வா, அல்லது என் நிறமும் என் வீடும் இழிவு என்னும் குமைச்சலா? ஒரே நாவல் ஒருவருக்கு மருந்தாகவும் மற்றவருக்கு நோயாகவும் அமையலாம். அதைக் கண்டறிய வேண்டியவர் அவரவரே. அடுத்தவர் தீர்ப்பு அங்கே செல்லாது.

ஒளித்துப் படிப்பவருக்கு இந்தத் தேர்வு கடினம். தனக்குப் பிடித்ததைப் பற்றிப் பிறரோடு பேச முடியாதவர் அதைச் சீர்தூக்கிப் பார்க்கவும் இயலாது. இங்கேதான் புத்தகத் திருவிழாக்களின் அருமை புலப்படுகிறது. சென்னையில் 1977இல் தொடங்கிய புத்தகக் காட்சி வெகுகாலம் தலைநகரத்தாரின் விழாவாகவே இருந்தது. 2022இல் விருதுநகரிலும் புத்தகத் திருவிழா நடைபெற்றபோது, கிராமங்களிலிருந்து பள்ளிப் பிள்ளைகளும் தாய்மாரும் வந்தார்கள். அத்தகைய அரங்குகளில் 'மின்சாரப் பூ'வுக்காக 2007இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்ற நம் மாவட்டத்து மேலாண்மை பொன்னுச்சாமியின் நூல்களும், ரமணிசந்திரனின் நாவல்களும் சில அடி தொலைவிலேயே கிடைக்கின்றன. முன்னதைக் கேட்பவர் குரலை உயர்த்திக் கேட்கிறார். பின்னதைக் கேட்பவர் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார். இந்தத் தாழ்ந்த குரல் நம்மை வருத்த வேண்டும்.

ஒரு நூலை விரும்பிய பலர் ஓரிடத்தில் கூடும்போது, தாம் மட்டுமே அப்படி இல்லை என்னும் ஆறுதல் முதலில் கிடைக்கிறது. பின்னர், "அந்த நாயகன் செய்தது சரியா?" என்று ஒருவர் கேட்கிறார், வாதம் எழுகிறது, மனச்சான்று விழிக்கிறது. நம் பங்குகளில் அன்பியக் கூட்டங்களும் பெண்கள் பணிக்குழுவும் இருக்கின்றன. திங்களுக்கு ஒரு முறை, தாம் படித்த நாவலைப் பற்றி அச்சமின்றிப் பேச அங்கே அரைமணி நேரம் ஒதுக்கினால் என்ன? அறையும் நாயகனை அவர்களே நிராகரிப்பார்கள். மறையுரை செய்ய முடியாத பணியை அந்த உரையாடல் செய்துவிடும்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2024இல் இலக்கியம் பற்றி எழுதிய மடலை முதலில் குருத்துவப் பயிற்சியை மனத்தில் கொண்டு தொடங்கி, பின்னர் கிறிஸ்தவர் அனைவருக்கும் உரியதாக்கினார். இளமையில் இலக்கிய ஆசிரியராக இருந்தபோது, பாடத்திலிருந்த பழைய நூலை வீட்டில் படிக்கச் சொல்லி, வகுப்பில் தம் மாணவர் விரும்பிய நூல்களுக்கு இடம் கொடுத்ததை அதில் நினைவுகூர்கிறார். கடமைக்காகப் படிக்கும் படிப்பு பயன் தராது என்பது அவர் கருத்து. விருப்பமே வாசலென்றால், காதல் நாவலும் ஒரு வாசல்தான். அதன் வழியே நுழைந்தவர் வேறு அறைகளுக்கும் செல்லலாம். செல்லாமல் அங்கேயே மகிழ்ந்து அமர்ந்திருக்கவும் அவருக்கு உரிமை உண்டு.

எனவே, இல்லத்தில் ஒரு பெண் புத்தகத்தோடு அமர்ந்திருக்கக் காணும் கணவரும் பிள்ளைகளும், கிடக்கும் வேலையைச் சுட்டிக்காட்டுவதற்கு முன் அதில் பாதியைத் தாங்கள் செய்து முடிக்கட்டும். பிறகு அவரருகில் அமர்ந்து, கதை எதுவரை வந்திருக்கிறது என்று கேட்கட்டும்.